நேட்டால் போன பெரிய தாத்தா: எந்த ஆவணத்துக்கு, எங்கே, எப்படி நகல் கேட்பது?

குடவாசல் தபால் எழுதியது:

வணக்கம். நான் ஓய்வு பெற்ற சப் போஸ்ட்மாஸ்டர், வயது 68. குடவாசல் பக்கம் ஒரு சின்ன கிராமம். ஊர்ப் பெயரைப் பொதுவில் போட மனசில்லை, பங்காளிகளும் இதைப் படிப்பார்கள்.

விஷயம் இதுதான். என் தாத்தாவின் அண்ணன் ஒருவர் கரும்புத் தோட்டத்து வேலைக்குத் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் போனார், திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். "தாது வருஷத்துல போனவரு" என்று என் அத்தை வார்த்தை மாறாமல் சொல்லுவாள். அத்தை போய்விட்டாள். போன வருடம் அவள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் ஜாதகக் கட்டு, ஒரு வெற்றிலைப் பெட்டிச் சாவி, அப்புறம் ஒரு காலித் தபால் உறை. உள்ளே கடிதம் இல்லை. கடிதத்தைத் தின்ற கரையான் உறையை ஏன் விட்டது என்று தெரியவில்லை.

உறையைப் பார்த்ததும் எனக்குப் பழைய உத்தியோகம் வந்துவிட்டது. ஒரு பென்னி சிவப்புத் தபால் தலை, எட்வர்ட் ராஜா படம், மேலே நேட்டால் என்று இருக்கிறது. முத்திரையில் ஊர் வெருலம். தேதியில் ஜூலை தெரிகிறது, 190 தெரிகிறது, கடைசி எண்ணில் மை கொழகொழத்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லா தேசத்திலும் ஒரே மாதிரிதான் முத்திரை குத்துவார்கள் போல. பின்பக்கம் நன்னிலம் வந்து சேர்ந்த முத்திரை. முகவரி தமிழில், யாரோ படித்தவர் கையெழுத்து. என் கொள்ளுத்தாத்தா பெயருக்கு வந்திருக்கிறது.

முப்பத்தெட்டு வருடம் ஊரார் தபாலைப் பிரித்துக் கொடுத்தவனுக்கு, சொந்த வீட்டுக்கு வந்த தபாலை அனுப்பியவர் யார் என்று தெரியாமல் இருப்பது உறுத்துகிறது.

நான் இதுவரை செய்தது: ஓர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் போட்டேன். "எங்கள் குடும்பம் சம்பந்தமான 1900க்கு முந்தைய ஆவணங்கள் அனைத்தின் நகலும் வேண்டும்" என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து, கோரிய ஆவணம் எது என்று தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் பத்திர எழுத்தர் "எழும்பூருக்குப் போய் ஐ.எஃப்.ஆர். வாங்குங்க, அதுல எல்லாம் இருக்கும்" என்கிறார். போகலாமா? அங்கே என்ன கேட்பது? நேட்டால் பக்கம் யாருக்கு எழுதுவது?

பழைய ஆர்.ஐ., மன்னார்குடி எழுதியது:

ஐயா, வணக்கம். வருவாய்த் துறையில் ஊறிப்போனவன், அதனால் கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தால் மன்னிக்கவும். உங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர் செய்தது சரிதான். "எங்கள் குடும்பத்துக்கு வந்த தபால் எல்லாம் கொடு" என்று உங்கள் கவுண்டரில் ஒருவர் வந்து கேட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ரெக்கார்டு ரூமில் குடும்பம் என்று ஒரு கட்டு கிடையாது. ஊர் இருக்கும், சர்வே எண் இருக்கும், பசலி என்கிற வருவாய் வருடம் இருக்கும், பத்திர எண் இருக்கும். அதில் ஒன்றைச் சொன்னால்தான் ஒரு ஆள் எழுந்து போய்க் கட்டை எடுப்பான். தேடித் தருவது அவர்கள் வேலை இல்லை, எடுத்துத் தருவதுதான் வேலை.

முதலில் ஊரை அந்தக் காலத்து விலாசத்தில் எழுதுங்கள். இன்றைக்குக் குடவாசல் தனி வட்டம். 1900ல் குடவாசல் என்று வட்டமே இல்லை, நன்னிலம் வட்டம். 1906ல் ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் கெசட்டியரின் பின்பகுதியில் வட்டவாரியாக ஊர்கள் இருக்கின்றன, அதில் பார்த்துக்கொள்ளலாம். மாவட்டமும் அப்படித்தான். 1991 வரை தஞ்சாவூர், அப்புறம் ஐந்தாறு வருடம் நாகப்பட்டினம், 1997 ஜனவரியிலிருந்து திருவாரூர். மாவட்டம் பிரியும்போது கட்டுகளும் பிரியும், சிலது பிரியாது. திருவாரூரில் இல்லை என்றால் ஆவணமே இல்லை என்று அர்த்தமில்லை. நாகையில் கேளுங்கள், தஞ்சாவூரில் கேளுங்கள். கிராமத்தின் பெயரோடு வருவாய் கிராம எண்ணையும் போடுங்கள். ஒரே வட்டத்தில் ஒரே பெயரில் ரெண்டு ஊர் இருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது ஐ.எஃப்.ஆர். உங்கள் பத்திர எழுத்தர் பாதி சரி. இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்பது 1858ல் ஏற்பட்ட இனாம் கமிஷன் விசாரித்து எழுதியது. அதன் நகலுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான். குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு அது பொக்கிஷம், ஏனென்றால் அனுபவத்தில் இருந்தவர் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரை எழுதியிருப்பார்கள். ஆனால் நிலம் இனாமாக, அதாவது வரியைத் தள்ளியோ குறைத்தோ விட்ட மானியமாக, இருந்திருக்க வேண்டும். கோயில் மானியம், பிரம்மதாயம், ஊழிய மானியம் இப்படி. சர்க்காருக்கு நேராக வரி கட்டுகிற வெறும் ரயத்துவாரி நிலமாக இருந்தால் அதில் உங்கள் பாட்டன் பெயர் இருக்காது, டிக்கெட் காசு தண்டம். ரயத்துவாரி என்றால் செட்டில்மெண்ட் பதிவேடு பாருங்கள். எஸ்.எல்.ஆர். என்போம். அப்புறம் 1920களின் மறு செட்டில்மெண்ட், ஆர்.எஸ்.எல்.ஆர். 1979ல் தொடங்கிய யு.டி.ஆர்., அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம், உங்களுக்கு ரொம்பப் பிந்தியது. பழைய பத்திரத்தில் பைமாஷ் எண் இருந்தால் அது சர்வேக்கு முந்தைய எண். அதையும் இன்றைய சர்வே எண்ணையும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பசலிக் கணக்கு: பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் இங்கிலீஷ் வருடம், ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை. பசலி 1303 என்றால் 1893 ஜூலையில் தொடங்குவது.

கடைசியாக ஒன்று. உங்கள் கதையில் வருடம் உதைக்கிறது. தாது வருஷம் என்றால் 1876–77, பெரிய பஞ்சம். அடுத்த தாது 1936, அதற்குள் நேட்டாலுக்கு ஆள் எடுப்பதே 1911ல் நின்றுபோனது. உங்கள் வயது 68 என்றால் உங்கள் தாத்தா ஏறக்குறைய 1890ல் பிறந்திருப்பார். அவர் அண்ணன் 1876ல் எப்படிக் கப்பல் ஏறுவார்? பஞ்சம் என்றால் எல்லாருக்கும் தாதுதான் நினைவுக்கு வரும். அத்தை சொன்ன வருடத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. விண்ணப்பத்தில் "நகல் தேவைப்படும் காரணம்" என்று கேட்டால் குடும்ப வரலாறு என்று மட்டும் எழுதாதீர்கள், நம்ப மாட்டார்கள், காணிச் சண்டைக்கு வந்தவன் என்றுதான் பார்ப்பார்கள். "சொந்த ஆராய்ச்சிக்காக, வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை" என்று ஒரு வரி சேருங்கள்.

கப்பல் பட்டியல் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் திருச்சியில் ஆய்வு மாணவி. ஒப்பந்தக் கூலிகள் பற்றி வேலை செய்கிறேன். நேட்டால் பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நில ஆவணம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

நல்ல செய்தி என்னவென்றால், நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல் அப்படியே இருக்கிறது. முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள், காலனி எண் என்று சொல்வோம். பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். மூலம் டர்பனில் ஆவணக் காப்பகத்தில். அதைத் தட்டச்சு செய்து குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பெயர்ப் பட்டியலுக்காக நீங்கள் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். துறைமுகத்தில் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆவார், ஊர் அடையாளமே தெரியாமல் போகும். கும்பகோணத்தை நான் ஐந்து விதமாகப் பார்த்திருக்கிறேன். ஜில்லா தஞ்சாவூர், தாலுகா நன்னிலம் என்று வடிகட்டிவிட்டு, மிச்சம் இருக்கிறதைச் சத்தம் போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

காலனி எண் கிடைத்துவிட்டால் மற்றது அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாயர்ஸ் என்று ஓர் இணைய அட்டவணை இருக்கிறது. பெயரைக் கேட்டு ஆச்சரியப்படாதீர்கள், எழுத்துச் சுருக்கம்தான். அதில் ஆவணம் இருக்காது, ஆவணம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கும்: எந்தக் கிடங்கு, எந்தத் தொகுப்பு, தொகுதி எண், குறிப்பு எண். அந்த நாலையும் ஒரு எழுத்து மாறாமல் நகலெடுத்து மின்னஞ்சலில் கேட்க வேண்டும். இறந்தவரின் சொத்துக் கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்தால் அதைக் கட்டாயம் கேளுங்கள். அதற்குள் மரண அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கும். தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு பக்கத்தில் ஒரு குடும்பமே இருக்கும். சொத்து எதுவும் இல்லாத ஆளுக்குக் கோப்பு இல்லாமலும் போகலாம்.

வெருலம் என்பது டர்பனுக்கு வடக்கே, சுற்றிலும் கரும்புத் தோட்டம். உங்கள் உறை ரொம்ப உதவி.

காரைக்காலான் எழுதியது:

நடுவில் மூக்கை நுழைக்கிறேன். நன்னிலம், குடவாசல் பக்கத்திலிருந்து ஆள் பிடித்தவர்கள் பலர் காரைக்கால் வழியாகத்தான் அனுப்பினார்கள், ரீயூனியன், குவாதலூப், மர்த்தினிக் என்று பிரெஞ்சுத் தீவுகளுக்கு. உறையில் நேட்டால் தலை இருப்பதால் உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குக் காரைக்கால் பக்கத்திலிருந்து பெண் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு சர்க்கார், இந்தப் பக்கம் இங்கிலீஷ் சர்க்கார் என்றாலும் சம்பந்தம் பண்ணுவது நின்றதே இல்லை. இங்கிலீஷ்காரன் உங்கள் நிலத்தை எழுதினான். பிரெஞ்சுக்காரன் ஆளை எழுதினான், பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும்.

காரைக்கால் பழைய பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த பிரதேசங்களின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், காசு இல்லை. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும், ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும். 'கிராந்த் ஆல்தே' என்று பார்த்தால் பயப்படாதீர்கள், அது நம்ம திருமலைராயன்பட்டினம். 1881க்குப் பிறகு இந்து வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்படி யாராவது இருந்தால் பெயர் திடீரென்று மாறும், ஆள் மாறியதாக நினைத்துவிடாதீர்கள்.

குடவாசல் தபால் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஆர்.ஐ. ஐயா, கவுண்டர் உதாரணம் சுருக்கென்று பட்டது, வேண்டியதுதான்.

கப்பல் பட்டியல் அம்மா சொன்னபடி பதினொரு நாள் உட்கார்ந்தேன். பேத்தி வடிகட்டிக் கொடுத்தாள், நான் வாய்விட்டுப் படித்தேன், வீட்டுக்காரி "எதுக்கு ராத்திரியில செத்தவங்க பேரையெல்லாம் ஏலம் போடுறீங்க" என்றாள். கடைசியில் எங்கள் ஊர்ப் பெயர் மாதிரி ஒன்று, பெயரும் பொருந்தி, ரெண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் 1877ல் போனவர், வயது 20, இடது முழங்காலில் தழும்பு. இன்னொருவர் 1903ல், வயது 21, அடையாளம் நெற்றியில் மச்சம். பெயர் ஒன்றேதான், தகப்பன் பெயர் வேறு வேறு. ரெண்டு பேரும் உறை வந்த காலத்தில் அங்கே இருந்திருக்கலாம். ஆர்.ஐ. ஐயா கணக்குப்படி ரெண்டாவது ஆள்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் என் தாத்தாவின் தகப்பன் பெயர் ரெண்டில் எதற்குமே ஒத்துவரவில்லை. எங்கே தப்பு?

பழைய ஆர்.ஐ., மன்னார்குடி எழுதியது:

தகப்பன் பெயர் ஒத்துவராவிட்டால் ரெண்டாவது ஆளையும் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதைப் பட்டியலை வைத்துத் தீர்க்க முடியாது, பத்திரத்தை வைத்துத் தீர்க்கலாம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பங்காளி கடல் தாண்டிப் போய்விட்டான், செத்தானா இருக்கிறானா தெரியாது. நிலத்தை விற்கவோ பிரிக்கவோ வரும்போது வாங்குகிறவன் என்ன கேட்பான்? "அவன் பாகம் என்ன ஆச்சு?" என்பான். அதற்குப் பத்திரத்தில் ஒரு வரி எழுதாமல் இருக்க மாட்டார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். கணினியில் வருகிற வில்லங்கம் பிந்திய காலத்துக்குத்தான். பழசுக்கு ஆள் வைத்து மேனுவலாகத் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி ரெண்டு அட்டவணை இருக்கும், முதலாவது ஆள் பெயர் வாரியாக, ரெண்டாவது சொத்து வாரியாக. உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரை முதல் அட்டவணையில், 1900லிருந்து 1915 வரை என்று வருடம் குறித்துத் தேடச் சொல்லுங்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று தேடுகூலி உண்டு, அதனால் ஐம்பது வருடம் என்று அள்ளிப்போடாதீர்கள். ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும் நிலப் பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம், 57ஆம் பிரிவு. வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மூன்றாம் புத்தகம் உயில், எழுதியவர் இறந்துபோயிருந்தால் அதுவும் கிடைக்கும். பழைய தொகுதிகள் அங்கே இல்லை என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதற்கு அரசாங்கம் தேவையில்லை. 1980 நவம்பரில் கர்ணம் என்கிற ஊர்க் கணக்குப்பிள்ளை, முன்சீப் வேலையெல்லாம் ஒரே நாளில் ஒழிந்தது. கணக்குகளை ஒப்படைக்கச் சொன்னோம், ஒப்படைத்தார்கள். ஆனால் அப்பன், பாட்டன் எழுதிய பழைய கட்டு, சர்க்காருக்கு வேண்டாதது என்று நாங்களே கழித்தது, பல கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை பேரன் யாராவது இருந்தால் ஒரு சீப்பு பழத்தோடு போய்ப் பாருங்கள். நகல் வேண்டாம், ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க விட்டால் போதும். அதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, பழம்தான்.

குடவாசல் தபால் எழுதியது:

ஆறு மாதம் கழித்து வருகிறேன். நடுவில் குறுவை, அப்புறம் பேத்தி கல்யாணம்.

கணக்குப்பிள்ளை வீட்டில் பழம் வாங்கிக்கொண்டார்கள், பரணில் இருந்ததை 2018 கஜா புயலுக்குப் பிறகு நனைந்துபோனது என்று எரித்துவிட்டார்களாம். சரி.

பத்திரம் கிடைத்தது. தேட ஆள் சொல்லி, நாலு நடை நடந்து, 1908ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்று. விற்றது என் கொள்ளுத்தாத்தா. ஆர்.ஐ. ஐயா சொன்ன வரி அப்படியே இருந்தது: "நேட்டால் தேசத்தில் ஜீவித்திருக்கிற என் தமையனார்" பாகத்தைப் பற்றி எந்தத் தாவா வந்தாலும் தானே முன்னின்று தீர்த்துக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்திருக்கிறார். அலுவலகத்து வராந்தாவில் நின்றபடியே ரெண்டு தடவை படித்தேன்.

என் தமையனார். அப்படியென்றால் போனவர் என் தாத்தாவின் அண்ணன் இல்லை, கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். எங்கள் வீட்டில் ரெண்டு பேரையும் "பெரிய தாத்தா" என்றுதான் சொல்வோம், ஒரு தலைமுறை கீழே நழுவிவிட்டது. உறை ஏன் கொள்ளுத்தாத்தா பெயருக்கு வந்தது என்பதும் இப்போது புரிகிறது. தம்பிக்கு அண்ணன் எழுதினது. ஆர்.ஐ. ஐயா, வருடத்தை விட்டுவிடுங்கள் என்றீர்கள். அத்தை சொன்ன தாது சரியாகத்தான் இருந்திருக்கிறது, உறவுதான் தப்பு.

அதே பத்திரத்தில் நிலத்தை "பூமாலை ஊழிய இனாம்" என்று போட்டு, இனாம் கமிஷன் கொடுத்த உரிமைப் பத்திரத்தின் எண்ணும், அதாவது டைட்டில் டீடு எண்ணும், எழுதியிருந்தது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுத்ததற்கான நிலம், ஆறு மா. அதாவது ரெண்டு ஏக்கர் சொச்சம்கூட இல்லை, ரெண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து வேலி ஆண்டோம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எண் கையில் வந்ததும் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துக் கும்பகோணத்திலிருந்து எழும்பூர் போனேன். விடியுமுன்னே இறக்கிவிட்டது, ஸ்டேஷனில் குளித்து, இட்லி சாப்பிட்டு, காந்தி இர்வின் சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடம் திறக்கும்வரை வெளியே நின்றேன். 1909லிருந்து இருக்கிற காப்பகம். மாவட்டம் தஞ்சாவூர், வட்டம் நன்னிலம், கிராமம், டைட்டில் டீடு எண் என்று எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். முதல் தடவை நான் எழுதிய விண்ணப்பத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை ஒரு கேள்வியும் இல்லை.

நகல் வந்தது. 1860களில் இனாம் அனுபவித்தவர் பெயர், வயது 31. அந்தப் பெயரும் கப்பல் பட்டியலில் 1877ல் போனவரின் தகப்பன் பெயரும் ஒன்று. இங்கிலீஷில் ரெண்டு எழுத்து முன்னே பின்னே, வாய்விட்டுப் படித்தால் ஒன்றுதான். முழங்காலில் தழும்பு உள்ளவர்தான் எங்கள் ஆள்.

கப்பல் பட்டியல் எழுதியது:

ஐயா, படித்துவிட்டு உடனே விடுதித் தோழியை எழுப்பிச் சொன்னேன். வாழ்த்துகள்.

அந்தக் காலனி எண்ணை வைத்து நாயர்ஸில் பார்த்தீர்களா? பெயரோடு எண்ணையும் போட்டுத் தேடுங்கள். இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளில் பலருக்கு எண் போட்டே தலைப்பு இருக்கும். முதலாளி மாறியது, புகார், ஊருக்குத் திரும்பும் விண்ணப்பம், காணாமல் போன உறவைத் தேடி இங்கிருந்து போன கடிதம், இப்படி எதுவும் வரலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதிய கடிதமே அங்கே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

குடவாசல் தபால் எழுதியது:

பார்த்தேன் அம்மா. அந்தப் பெயரில் சொத்துக் கோப்பு ஒன்று காட்டுகிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிடங்கு. அவர்தானா வேறொருவரா என்பது நகல் வந்தால்தான் தெரியும். நீங்கள் சொன்ன நாலு விவரத்தையும் அப்படியே போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பதில் வந்தது, வங்கியில் போய் நின்றால் நகலுக்கு ஆகிற காசைவிட அனுப்புகிற கமிஷன் அதிகம். மணியார்டர் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு கட்டினேன். காத்திருக்கிறேன்.

காரைக்காலான் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் அம்மா திருநள்ளாறு என்று ஒரு பேச்சு உண்டு. பேத்தி புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், இனி பிரெஞ்சை நானேதான் எழுத்துக்கூட்ட வேண்டும்.

ஆர்.ஐ. ஐயாவுக்கு ஒரு கேள்வி. 1908 பத்திர நகலில் கொள்ளுத்தாத்தா கையெழுத்து இருக்கும் என்று ஆசையாகப் புரட்டினேன். மொத்தமும் ஒரே கையெழுத்தாக இருக்கிறது. அவர் பெயருக்கு நேரே "இடது பெருவிரல் ரேகை" என்று எழுத்தில் எழுதியிருக்கிறது, ரேகை இல்லை.

பழைய ஆர்.ஐ., மன்னார்குடி எழுதியது:

முதலில், அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவுப் புத்தகத்தில் இருப்பது அசல் இல்லை ஐயா. அசல் பத்திரம் வாங்கியவன் வீட்டுக்குப் போய்விடும். அதைப் பார்த்து அலுவலக எழுத்தர் புத்தகத்தில் கையால் எழுதிவைத்ததுதான் நீங்கள் பார்ப்பது. அதனால்தான் எல்லாம் ஒரே கை. ரேகை தனியாக ஒரு ரேகைப் பதிவேட்டில் எடுத்திருப்பார்கள், பத்திர எண்ணைப் போட்டு.

மலாயா வாரிசு எழுதியது:

எல்லாரும் மன்னிக்க வேண்டும். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர், கங்காணி கூட்டிப்போனார் என்கிறார்கள். அதற்கும் இந்த மாதிரிப் பெயர்ப் பட்டியல், எண் எல்லாம் கிடைக்குமா?

கப்பல் பட்டியல் எழுதியது:

ரஜூலா என்றால் 1926க்குப் பிறகு. அது ஒப்பந்தக் கூலி முறை இல்லை, காலனி எண் மாதிரி எதையும் நம்பி இறங்காதீர்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், தோட்டத்தின் பெயர் இருக்கிற ஏதாவது தாள், அங்கே எடுத்த அடையாள அட்டை வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்ததை எழுதித் தனித் திரி ஒன்று ஆரம்பியுங்கள், வருகிறேன்.

குடவாசல் தபால் எழுதியது:

ஆர்.ஐ. ஐயா, அந்த ரேகைப் பதிவேட்டில் அவர் பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்க முடியுமா?

பழைய ஆர்.ஐ., மன்னார்குடி எழுதியது:

ரேகைக்கு நகல் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? நிலம்தான் 1908லேயே போயாச்சே.

குடவாசல் தபால் எழுதியது:

ஒன்றும் செய்யப் போவதில்லை. பார்க்க வேண்டும்.

பழைய ஆர்.ஐ., மன்னார்குடி எழுதியது:

திங்கட்கிழமை நன்னிலம் பக்கம் ஒரு துக்கத்துக்கு வருகிறேன். பத்திர எண்ணும் வருடமும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு அலுவலக வாசலில் நில்லுங்கள். நேரில் கேட்டுப் பார்ப்போம்.